செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்தில் தக்காளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டுக்குத் தக்காளி போடுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். குளிர்ந்த ஊர்களுக்கு எழுதிய தோட்டக் குறிப்புகளை நம் பக்கம் அப்படியே செய்தால் செடி வளரும், காய்க்காது. நம் வெயில் வேறு, மண் வேறு, மழை வரும் மாதமும் வேறு. எல்லாப் பதிலையும் நம் ஊர்க் கணக்கிலேயே சொல்லியிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் முதல் இரண்டு கேள்விகளை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். மற்ற பிரச்சினைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த மாதம் விதைத்தால் நன்றாகக் காய்க்கும்?

ஐப்பசியில் விதைத்து, கார்த்திகை பாதிக்கு மேல் நட்டுவிடுங்கள். நம் பக்கத்துக்கு இதைவிட நல்ல பட்டம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். தக்காளி பூப்பது ஒரு வேலை, பூ காயாக மாறுவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு இரவு குளிர்ந்தாக வேண்டும். இரவில் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் காய்பிடிப்பு மிக நன்றாக இருக்கும். அதற்குச் சற்று மேலே போனாலும் சமாளிக்கும். 24, 25 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிர்ந்துவிடும். நம் ஊரில் இரவு அந்த அளவுக்குத் தணிவது மார்கழியிலும் தையிலும்தான். மாசியின் முதல் பாதியையும் சேர்த்துக்கொள்ளலாம். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அந்த நாட்களில் செடி பூத்து நிற்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுவது. விதைத்து 25 முதல் 30 நாளில் நாற்று தயாராகும். நட்டு ஒரு மாதத்தில் பூக்கும். பூ காயாகிப் பழுக்க 40 முதல் 50 நாள். ஐப்பசி நடுவில் விதைத்தால் மார்கழியில் பூ, தைக் கடைசியிலிருந்து பங்குனி வரை பழம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலம். அதனால் நாற்றை வெட்டவெளியில் போடாமல், வெளிச்சம் வரும் தாழ்வாரத்தில் வளர்க்க வேண்டும். நடும்போது பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் நின்றால் தக்காளி வேர் தாங்காது.

ஆடிப்பட்டத்தில் போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம். ஆனால் புரட்டாசி இரவுகள் இன்னும் புழுக்கமாகவே இருக்கும், காய்பிடிப்பு பாதிதான். பிடித்த காய்களும் ஐப்பசி மழையில் வெடிக்கும். பையில் வைத்து, மழைக்கு மறைவாக நகர்த்த வசதி உள்ளவர்கள் மட்டும் செய்து பாருங்கள்.

சித்திரையில் செடி இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. ஒரு காய்கூட இல்லை. என்ன உரம் போட?

உரம் எதுவும் வேண்டாம். கத்தரி வெயிலில் பகல் 38, 40 டிகிரி, இரவு 25-க்கு மேல். எந்தத் தெளிப்பும் அந்த மகரந்தத்தை உயிர்ப்பிக்காது. கடைக்காரர் தரும் பூ நிற்கும் மருந்துக்குச் செலவழிக்கும் காசு வீண்.

உதிர்ந்த பூவை எடுத்துக் காம்பைப் பாருங்கள். பூவுக்குச் சற்று மேலே ஒரு கணு மாதிரி தடித்திருக்கும். அந்த இடத்தில் மஞ்சளாகி, வெட்டியதுபோல் சுத்தமாகக் கழன்றிருந்தால் அது வெப்பத்தால் செடியே உதிர்த்தது. காம்பு கடிபட்டோ அழுகியோ இருந்தால் பூச்சியையும் பூசணத்தையும் பார்க்க வேண்டும்.

செடி திடமாக இருந்தால் பிடுங்க வேண்டாம் என்பார்கள் சிலர். வெயிலுக்கு நிழல்வலை கட்டி, கவாத்து செய்து, ஆடி வரை இழுத்துக்கொண்டு போகலாம்தான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் வெள்ளை ஈ பெருகி, செடி பெரும்பாலும் நோயாளியாகிவிடும். நான் சித்திரையில் செடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெண்டை, கொத்தவரை போடச் சொல்வேன். அவற்றுக்கு நம் வெயில் பிடிக்கும்.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எல்லோரும் நாற்று வாங்க ஓடினார்கள். கடையில் விலை ஏறும் மாதங்கள் பெரும்பாலும் நம் செடியும் காய்க்காத மாதங்கள். விலையைப் பார்த்து விதைக்கக் கூடாது.

எந்த ரகம் நல்லது?

ரசத்துக்கும் குழம்புக்கும் புளிப்பு வேண்டும் என்றால் பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. பழம் சற்றுத் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சைத் தோள் போட்டிருக்கும். நம் பக்கம் தாங்கி வளரும், விதையும் எளிதாகக் கிடைக்கும். முதல் முறை போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

தோட்டத்தில் ஏற்கெனவே இலைச்சுருட்டையோ வாடலோ வந்திருந்தால் அர்கா ரக்ஷக் பாருங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட கலப்பினம். இலைச்சுருட்டை நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் திறன் உண்டு. பழம் கெட்டியாக இருக்கும், புளிப்புக் குறைவு. விதையை ஒவ்வொரு முறையும் வாங்கியாக வேண்டும்.

சின்னச் சின்னதாய்க் காய்க்கும் செர்ரித் தக்காளிக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். வெப்பத்திலும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காய்பிடிக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பழம் சமையலறை வரை வராது.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை செடி போதும்?

15 முதல் 20 செடி. ஒரு செடியில் 5 கிலோ, 10 கிலோ என்று காணொளிகளில் காட்டுவதை நம்பி நாலு செடி வைத்துவிட்டு மனம் சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. கணக்கைப் பாருங்கள். பி.கே.எம். 1-க்குச் சொல்லப்படும் மகசூல் எக்டேருக்கு 30 முதல் 35 டன். 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஓர் எக்டேரில் சுமார் 37,000 செடி. வகுத்தால் ஒரு செடிக்கு ஒரு கிலோ கூட இல்லை. இது தேர்ந்த விவசாயியின் நிலத்துக் கணக்கு. வீட்டில் தனிக் கவனிப்பில் ஒன்றரை, இரண்டு கிலோ கிடைத்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். வாரம் 3 கிலோ செலவாகும் வீட்டுக்கு, பழம் வரும் எட்டு ஒன்பது வாரத்துக்கு 25 கிலோ வரை வேண்டும். அதற்குத்தான் 15 முதல் 20 செடி. இரண்டு தவணையாக, 15 நாள் இடைவெளியில் நட்டால் ஒரே நேரத்தில் குவியாது.

எங்களுடையது பழைய வீடு. வளவில் வைக்கலாமா, மாடியில் வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம் என்பேன், காரணத்தோடு.

வளவு முற்றத்தில் வெயில் உச்சிவேளையில்தான் நேராக விழும். காலையிலும் மாலையிலும் சுற்றுத் தாழ்வாரத்தின் நிழல். தக்காளிக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் முற்றத்துக்கு வரும் வெயில் இன்னும் குறையும். நமக்கு வெயில் மிகவும் தேவைப்படும் மாதமும் அதுதான். அங்கே வைத்த செடி வெளிச்சத்தைத் தேடி நூலாய் நீளும், காய்க்காது.

மாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளின் தளம் மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டோடு பதித்தது. காங்கிரீட் கிடையாது. 20 லிட்டர் மண் கொண்ட பை, தண்ணீர் ஊற்றியபின் 25 கிலோவுக்குக் குறையாது. 20 பை என்றால் அரை டன். பாரத்தைவிட ஈரம் மோசம். பைக்கு அடியில் தினமும் ஈரம் நின்றால் தட்டோட்டு இடுக்கு வழியாக இறங்கி, காரை இளகி, கீழே இருக்கும் பர்மா தேக்குக் கட்டையை உளுக்க வைக்கும். அந்தக் கட்டையை இன்று மாற்ற என்ன செலவாகும் என்று வீட்டை மராமத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். தக்காளிக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம். புதிதாகக் கட்டிய காங்கிரீட் மாடி என்றால் தாராளமாக வையுங்கள். பையைச் செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ ஏற்றி, அடியில் காற்று போக விடுங்கள்.

சரியான இடம் பின்கட்டைத் தாண்டிய கிணற்றடித் தோட்டம். சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளிப் பாத்தி எடுங்கள். சுவருக்கும் ஈரம் ஏறாது, வெயிலில் சூடான சுவரின் அனலும் செடியைத் தாக்காது.

எங்கள் மண் வெறும் சரளை. மண்வெட்டி இறங்கவில்லை. என்ன செய்வது?

நம் செம்மண்ணைக் குறைசொல்ல வேண்டாம். தண்ணீர் தேங்காமல் வடியும், வேருக்குக் காற்று கிடைக்கும். இல்லாதது மக்குச் சத்தும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணமும்தான். இரண்டையும் நாம் சேர்க்கலாம்.

ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டிச் சரளையைச் சலித்து எடுங்கள். கோடையில் கண்மாய் வற்றும்போது முறைப்படி எடுக்கப்படும் வண்டல் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு கலக்கலாம். அதற்கு மேல் கலந்தால் களியாக இறுகிவிடும். மக்கிய ஆட்டு எருவோ மாட்டு எருவோ சதுர மீட்டருக்கு 3 கிலோ வரை போடுங்கள். நம் பக்கம் ஆட்டுக்கிடை போடுவது பழைய வழக்கம், புழுக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதுப் புழுக்கையை நேரே போட்டால் வேர் வெந்துவிடும். இரண்டு மூன்று மாதம் ஈரம் காட்டி மக்க வைத்துப் போடுங்கள். கையில் அள்ளினால் நாற்றமில்லாமல், உதிரியாக, கறுப்பாக இருந்தால் மக்கிவிட்டது.

செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குக் குழியில் போடுங்கள். பைக்கு என்றால் செம்மண், மக்கு எரு, கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவுக் கட்டியை இரண்டு தண்ணீர் மாற்றி அலசாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

இடித்த வீட்டின் சுண்ணாம்புக் காரை கொட்டிக் கிடந்த இடத்தில் தக்காளி போடாதீர்கள். மண் காரத் தன்மையாகி, இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாமல் இளம் இலை வெளுத்துப்போகும். சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதித்து விடுங்கள். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள்.

நாற்று முளைத்து இரண்டு இலை விட்டதும் அடியில் மெலிந்து சாய்ந்துவிடுகிறது. ஏன்?

நாற்றழுகல் நோய். அதிகத் தண்ணீரும் நெருக்கமும்தான் காரணம். ஐப்பசியில் காற்றே ஈரமாக இருப்பதால் நம் பக்கம் இது மிக அதிகம். குழித்தட்டிலோ ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியிலோ குழிக்கு ஒரு விதை போடுங்கள், அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். விதையைச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியில் புரட்டி எடுத்து விதைத்தால் பெருமளவு தடுக்கலாம். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது அளவு, நம் ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு சிட்டிகைப் பொடியே அதிகம். மேல்மண் உலர்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

நடும்போது அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, முதல் இலை வரை தண்டை மண்ணுக்குள் புதைத்து நடுங்கள். தக்காளித் தண்டு மண்பட்ட இடமெல்லாம் வேர் விடும். வேர் கூடினால் நம் பக்கத்து வறட்சியை நன்றாகத் தாங்கும். மாலையில் நடுங்கள்.

ஆச்சி, எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. தக்காளி வருமா?

ஓரளவு உப்பைத் தக்காளி தாங்கும். உங்கள் தண்ணீர் எந்த அளவு என்பதை மண்ணே சொல்லும். தண்ணீர் ஊற்றிக் காய்ந்த பிறகு பாத்தியின் மேலோ பையின் விளிம்பிலோ வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதா பாருங்கள். விரலால் தொட்டால் மாவுபோல் ஒட்டும். கூடவே பழைய இலைகளின் ஓரம் கருகி உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் உப்பு எல்லை மீறிவிட்டது.

அப்போது மழைத்தண்ணீர்தான் மருந்து. நம் வீடுகளில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவில் இறங்கும்படி கட்டியிருக்கிறார்கள். அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்த வழக்கம் இன்னும் பல வீட்டில் உண்டு. இப்போது தொட்டியோ டிரம்மோ வைத்துப் பிடியுங்கள். வாரம் ஒருமுறை மழைத்தண்ணீரைப் பைக்கு அடியில் வடியும் அளவுக்கு ஊற்றினால் உப்பு கரைந்து வெளியேறும். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை மட்டும் தக்காளிக்கு ஊற்றாதீர்கள். போர்த் தண்ணீரில் இருந்த உப்பில் பெரும்பகுதி அதில்தான் சேர்ந்திருக்கிறது. அரிசி களைந்த தண்ணீர் நல்லதுதான், ஆனால் அந்தத் தண்ணீரிலேயே செய்யும் வெண்டைக்காய் மண்டி வைக்கும் நாளில் செடிக்கு மிச்சமிருக்காது.

சாதாரண நாட்களில் தரைச் செடிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆழமாக, பைச் செடிக்கு தினமும் காலையில் ஒன்று முதல் இரண்டு லிட்டர். இலைமேல் அடிக்காமல் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள். பாத்தி முழுதும் கடலைத் தோலோ காய்ந்த சருகோ இரண்டங்குலம் பரப்பிவிட்டால் தண்ணீர்த் தேவை நன்றாகக் குறையும். தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளிப் பரப்புங்கள், நம் மண்ணில் கரையான் வரும்.

நாங்கள் சென்னையில். வீட்டில் ஆயா (பாட்டி) மட்டும். தினமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

மண்பானை வையுங்கள். மெருகு பூசாத, நீர் கசியும் பானை. மானாமதுரைப் பானை நம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. 5 லிட்டர் பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, சுற்றிலும் ஒரு சாண் தள்ளி மூன்று நாற்று நடுங்கள். பானையை நிரப்பி மூடி போட்டுவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காயும்போது பானைச் சுவர் வழியே தண்ணீர் கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். ஒரு மாதம் கழித்து மண்ணைக் கிளறிப் பார்த்தால் வெள்ளை வேர்கள் பானையை வலைபோலக் கட்டிப் பிடித்திருப்பதைக் காணலாம். மார்கழி, தையில் மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும், ஆயாவே குடத்தில் எடுத்து ஊற்றிவிடலாம். பானையில் உரம் எதுவும் கரைக்காதீர்கள், நுண்துளை அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சில பருவத்தில் அடைபடும். மூடி போடாவிட்டால் கொசு முட்டையிடும்.

காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் ஆகிறது. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள்.

காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் மண்ணில் அது இல்லாமல் இல்லை. அந்தச் சத்து தண்ணீரோடுதான் பயணம் செய்யும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விட்டால் காயின் நுனிக்கு அது எட்டாது. முதலில் தண்ணீரை ஒழுங்காக்குங்கள், சருகு பரப்பி நிலப்போர்வை போடுங்கள், தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். அடுத்த கொத்துக் காய் சரியாகவே வரும். முட்டை ஓட்டுப் பொடி மக்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும், நடும்போதே போட்டால்தான் பயன். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், அது தேறாது.

காய் வெடிப்பதும் இதே கதைதான். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீர் மழையோ மிகுந்த தண்ணீரோ கிடைத்தால் உள்ளே வீங்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காது.

இலை கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிட்டது. என்ன தெளிக்கலாம்?

உச்சிவெயிலில் மட்டும் இலை சுருண்டு மாலையில் விரிந்தால் பயமில்லை, அது செடி ஈரத்தைக் காக்கும் வழி. ஆனால் இளம் இலைகள் சிறுத்து, நரம்புக்கிடையே மஞ்சளாகி, நாள் முழுதும் சுருண்டே இருந்தால் அது இலைச்சுருட்டை நச்சுயிரி. வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மனம் வராமல் விட்டு வைத்தால் வெள்ளை ஈ அதை உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

காப்பாற்ற வேண்டிய காலம் நாற்றுப் பருவமும் நட்ட முதல் மாதமும். அந்த வயதில் தொற்றினால் விளைச்சலே இல்லை. காய்பிடித்த பிறகு வந்தால் இருக்கும் காய்களையாவது பறிக்கலாம். நாற்றங்காலை மெல்லிய வலையால் மூடுங்கள். செடி மட்டத்தில் மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதிச் சோப்போடு கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

நன்றாக இருந்த செடி ஒரே நாளில் பச்சையாகவே வாடிவிட்டது.

தண்ணீர் இருந்தும் வாடினால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. முடிச்சு இல்லையென்றால், அடித்தண்டில் ஒரு சாண் நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டிய முனை நீருக்குள் தொங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல்போல் வெள்ளையாகக் கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்பாக இருந்தால் பூசண வாடல்.

மூன்றுக்கும் செடியை எடுத்துவிடத்தான் வேண்டும். அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று வருடமாவது தக்காளி, கத்தரி, மிளகாய் போடாதீர்கள். கீரை, வெங்காயம், சோளம் மாற்றிப் போடுங்கள். நூற்புழுவுக்குச் செண்டுப்பூவை அடர்த்தியாக ஒரு பருவம் வளர்த்து அங்கேயே மடித்து உழுதால் குறையும்.

காயைத் துளைத்துப் புழு இருக்கிறது. மருந்தில்லாமல் தடுக்க முடியுமா?

20 செடித் தோட்டத்தில் கையால் பொறுக்குவதே சிறந்த முறை. துளைத்த காயைப் பறித்துப் புழுவோடு அழியுங்கள். கூடவே செண்டுப்பூ நடுங்கள். தாய்ப்பூச்சி அதில் முட்டையிட விரும்பும். இதில் ஒரு நுட்பம் உண்டு: 40 நாள் வயதான செண்டு நாற்றையும் 25 நாள் வயதான தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். தக்காளி பூத்து முடிந்தபின் செண்டு பூத்தால் பயனில்லை. ஐந்தாறு தக்காளிக்கு ஒரு செண்டு போதும். பூவில் புழு கண்டால் அதையும் பறித்துவிட வேண்டும்.

பக்கக் கிளையைக் கிள்ள வேண்டுமா? கம்பு எது நல்லது?

பி.கே.எம். 1-ல் தரையைத் தொடும் அடிக்கிளைகளை மட்டும் எடுங்கள், மற்றதை விடுங்கள். நம் வெயிலில் காய்க்கு இலை நிழல் வேண்டும். கிள்ளிக் கிள்ளி மொட்டையாக்கினால் காயின் தோல் வெந்து வெள்ளைத் தழும்பு விழும். கொடிபோல் ஏறும் கலப்பினங்களில் இரண்டு தண்டு விட்டு மற்றதைக் கிள்ளலாம்.

கம்புக்குத் தைலமரக் குச்சி நம் பக்கம் மலிவு. நட்ட வாரத்திலேயே ஊன்றுங்கள், பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். வாழைநாராலோ பழைய வேட்டிக் கிழிசலாலோ எட்டுப் போல் தளர்வாகக் கட்டுங்கள்.

செடி தழைத்து நிற்கிறது, பூவே இல்லை என்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எருவும் புண்ணாக்குக் கரைசலும் அதிகமாகிவிட்டது. மூன்று வாரம் நிறுத்துங்கள். விறகடுப்புச் சாம்பல் செடிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதுவும் மாதம் ஒருமுறை மட்டும். பூத்த பிறகு காலை 9 மணிக்கு மேல் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டு தட்டினால் மகரந்தம் உள்ளேயே உதிர்ந்து காய்பிடிப்பு கூடும்.

பங்குனியில் பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறது.

தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறமி 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. காய் நிறம் திரும்பத் தொடங்கியதும், அதாவது அடியில் இளஞ்சிவப்பு தட்டியதும், பறித்து வீட்டுக்குள் பட்டாலையில் நிழலான மூலையில் பரப்புங்கள். நாலைந்து நாளில் நன்றாகச் சிவக்கும், ருசியும் குறையாது. பழுக்காததைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், நிறமும் மணமும் நின்றுவிடும்.

குரங்கும் மயிலும் அணிலும் எதையும் விடுவதில்லை. என்ன செய்வது?

நிறம் திரும்பியதும் பறிப்பதே பாதிப் பாதுகாப்பு. செடியில் சிவந்த பழம் கண்ணில் படாவிட்டால் குரங்கு அதிகம் வராது. அணிலுக்குக் கொத்துக் கொத்தாகச் சின்ன வலைப்பை கட்டுங்கள். மயில் பழத்தைவிட இளநாற்றைத்தான் கொத்தும். நட்ட முதல் மூன்று வாரம் நாலு கம்பு ஊன்றி வலை போர்த்துங்கள். மயில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, விஷமோ கண்ணியோ நினைத்தும் பார்க்காதீர்கள். நைலான் வலையைத் தொளதொளவென்று விடாமல் இழுத்துக் கட்டுங்கள், இல்லையென்றால் பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும்.

நம் செடியிலிருந்தே விதை எடுக்கலாமா?

நாட்டு ரகத்திலும் பி.கே.எம். 1-லும் எடுக்கலாம். கலப்பினத்தில் எடுத்தால் குணம் மாறி வரும். நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியாகப் பார்த்து, இரண்டாம் மூன்றாம் கொத்தில் நாலைந்து பழங்களைச் செடியிலேயே முழுதாகப் பழுக்க விடுங்கள். பழத்தை அறுத்து விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல், துணி கட்டி இரண்டு நாள் வையுங்கள். மேலே நுரைத்து, விதையைச் சுற்றிய வழவழப்பு கரைந்திருக்கும். நிறையத் தண்ணீர் ஊற்றி அலசினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். எவர்சில்வர் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள், தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாலு நாளில் தட்டில் சலசலவென்று ஓசை வரும்படி காய்ந்ததும், காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ரகமும் மாதமும் எழுதி ஒட்டி, குளிர்ந்த இருட்டறையில் வையுங்கள். மூன்று வருடம் வரை நன்றாக முளைக்கும். ஆனாலும் ஐப்பசிக்கு முன்பே பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து முளைக்க வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு இரண்டு விதை போடுங்கள்.